குளியலறையில் ஒரு கல்

"கர்ர்ர்ர்" என்று குளியலறை அலறியது. அலங்காரக் கற்களைத் தேய்த்து மெருகேற்றத் தபால்காரர் தனக்கென்று புதிதாக வாங்கிய மெஷினை அங்கேதான் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கல்லாவது பளபளக்காவிட்டால் மெஷின் கடைக்கே திரும்பிவிடும் என்று மனைவி கெடு வைத்திருந்தாள். இன்று ஞாயிறு.

தலையெல்லாம் கல்சேறோடு ஓடிவந்தவர், தண்ணீர் சொட்டும் பச்சைக் கல்லை நீட்டினார்.

"பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு! இப்ப என்ன சொல்ற?"

"உங்க தலையில இருக்குற சேறு இதைவிட நல்லா மின்னுதுங்க" என்றபடி அவள் கல்லை முந்தானையில் துடைத்தாள். ஈரம் போனதும் கல் மங்கியது. கீறல்கள் பல்லிளித்தன.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப திருப்பிக் கொடுத்துடவா?"

"எதுக்கு? நேத்து நீங்க வேலைக்குப் போனப்ப நான் தேய்ச்ச கல்லும் இப்படித்தான் ஈரத்துல என்னை ஏமாத்துச்சு."