பொட்டு வைத்த சர்வர்

“அப்டேட் சூப்பரா முடிஞ்சிருச்சுன்னு சொன்னல்ல குரு? அப்புறம் எப்பிடி பஸ் கெளம்பறதுக்கு முன்னாடியே ஹெப்பாள் போய்ச் சேந்துச்சு?”

சந்துரு இதைக் கேட்டது கம்பெனி கேன்டீனில், பக்கத்து மூன்று மேசைகளுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில். மைசூரில் யாரை வேண்டுமானாலும் ‘குரு’ என்று கூப்பிடலாம், ‘மச்சி’ மாதிரி. கவின்ராஜ் சாம்பாரில் முருங்கைக்காய் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

“டைம்ஜோன் இஷ்யூ. பழைய லைப்ரரில ஒரு மாதிரி இருந்துச்சு, புதுசுல மாத்திட்டானுங்க. சின்ன மேட்டர்.”

“சின்ன மேட்டரா? பஸ் போயிருச்சுன்னு உன் கண்டக்டர் சொன்னதை நம்பி ஆட்டோ பிடிச்சேன். பாதி வழில திரும்பிப் பாக்கறேன், பின்னாடி நம்ம பஸ்சு வருது. டிரைவர் பசவராஜண்ணன் எனக்கு டாட்டா காட்டிட்டுப் போறாரு.”

“அதான் உடனே பழைய வெர்ஷனுக்கே திருப்பிட்டேனே!”

“அதுக்குள்ள ரெண்டு பேரு லீவே போட்டுட்டாங்க,” என்றாள் ரூபா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்தக் கண்டக்டருக்குக் காக்கிச் சட்டை கிடையாது. ஜே.பி. நகரிலிருந்து ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சாட் சர்வர் வைத்திருந்தார்கள். அதில் கவின் எழுதி உலவவிட்ட பாட்தான், அதாவது தானாகவே பதில் சொல்லும் புரோகிராம்தான் கண்டக்டர். முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவர் ‘ஏறியாச்சு’ என்று தட்டினால் போதும். அடுத்த ஸ்டாப்பில் இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருப்பவரின் போனுக்கு எச்சரிக்கை போய்விடும். கண்டக்டர் பிறப்பதற்கு முன்னால் அந்த சர்வரில் தினமும் காலையில் நடந்த ஒரே இலக்கிய விவாதம், ‘பஸ் எல்லி குரு, பஸ் எங்கே?’ என்பதுதான்.

முதலில் அந்த பாட் எங்கோ வெளிநாட்டில், ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓசி கொடுத்தவன் கடையைச் சாத்தியதும் கவின் அதை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். கீல் உடைந்து, சுவரில் சாய்த்தால் மட்டுமே நிற்கிற ஒரு பழைய லேப்டாப் அவன் வீட்டு ஹாலில் ராப்பகலாக ஓடியது. “நம்ம வீடு, நம்ம மிஷின், நம்ம கன்ட்ரோல்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். இந்த மூன்றில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. வீடு வாடகை, லேப்டாப் மாமா வேண்டாம் என்று போட்டது, கன்ட்ரோல் அம்மாவிடம்.

ரூபாதான் அந்த சாட் சர்வருக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மறுக்கவும் யாருக்கும் தைரியமில்லை.

“இங்க பாரு கவின். தசராவுக்கு ரோடெல்லாம் அடைப்பாங்க. பஸ் எந்தப் பக்கம் சுத்திட்டு வரும்னு பசவராஜண்ணனுக்கே தெரியாது. கண்டக்டர் தேவைப்படறதே அப்பத்தான். தசரா முடியற வரைக்கும் அது ஒரு தடவைகூட நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா சாவியைச் சந்துருகிட்ட குடுத்துரு. அவன் வாடகை சர்வர்ல போட்டு ஓட்டட்டும்.”

“மும்பைல இருக்கு குரு. டேட்டா சென்டர். ஃபுல் ஏசி,” என்றான் சந்துரு, தானே போய் அந்த ஏசியை மாட்டிவிட்டு வந்தவன்போல.

சாவி என்றால் பாட் உள்ளே நுழைவதற்கான ரகசியக் குறியீடு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கண்டக்டருக்கு முதலாளி. கவினின் ஆபீஸ் வேலை, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக்கொடுப்பது. மறுநாள் அதே ஆட்கள் அதையும் மறந்துவிட்டு வருவார்கள். அவன் கையால் உண்டாக்கி, காணோமே என்று நாலு பேர் தேடுகிற பொருள் உலகத்தில் கண்டக்டர் ஒன்றுதான். சந்துருவிடம் போனால், ‘உருவாக்கியவர்: கவின்ராஜ்’ என்ற வரியைத்தான் அவன் முதலில் தூக்குவான். கவினும் அதைத்தான் செய்திருப்பான் என்பதால் இதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

“டீல்,” என்றான்.

அப்டேட்டைத் திருத்தி எழுதினான். இந்தத் தடவை சரியாகிவிட்டது என்று தோன்றியது. போன தடவையும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அதனால் புது வெர்ஷனை லேப்டாப்பில் இறக்கி வைத்ததோடு நிறுத்திக்கொண்டான். பாட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுசு ஓட ஆரம்பிக்கும். அதுவரை பழசே ஓடும். ஓடட்டும். தசரா முடிகிறவரை தொடுவதில்லை என்று சபதம் செய்தான்.

பிறகு அரண்மனைக்குக்கூட இல்லாத பந்தோபஸ்து போட்டான். கரண்ட் போனால் யுபிஎஸ். நெட் போனால் டாங்கிள். பாட் மயங்கி விழுந்தால் தூக்கி நிறுத்த ஒரு ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் விழுந்தால் அதைத் தூக்க இன்னொன்று. இவ்வளவுக்கும் அடங்காத ஒரே எதிரி அம்மா காவேரி. ஹாலில் உருப்படியாக வேலை செய்கிற பிளக் பாயின்ட் ஒன்றுதான்; சட்டைக்கு இஸ்திரி போட அம்மா வயரைப் பிடுங்கும்போதெல்லாம் கண்டக்டர் இதுவரை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. இதற்கு ஸ்கிரிப்ட் எழுத முடியாது என்பதால் கவின் அப்பாவிடம் போனான்.

“அப்பா, இதை லேப்டாப்புன்னு நெனைக்காதீங்க. இது மிஷினுங்கப்பா. உங்க லேத்து மாதிரி. எத்தனையோ பேரு இதை நம்பித்தான் வேலைக்கே போறாங்க.”

அப்பா சென்னப்பன் ஹெப்பாளில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரும்பு கடைகிற லேத் மிஷின் ஓட்டுகிறவர். ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதல் அதே வேலை. அதுவரை அந்த லேப்டாப்பை, மகன் வேலையற்றுப் போய் வளர்க்கிற ஏதோ ஒரு பிராணி என்றே நினைத்திருந்தார். அன்றைக்குத்தான் கிட்டே போய், மேலே உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

“இங்க பாரு காவேரி. ஓடற மிஷினு மேல இனிமே ஆரும் கை வெக்கப்படாது.”

அன்றோடு இஸ்திரிப் பெட்டி உள் அறைக்குக் குடிபோனது. கவின் தன் பேச்சுத் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு, இரண்டு நாள் அதே மிதப்பில் திரிந்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஊரே லீவு. ஆனால் கடல் தாண்டியிருக்கும் கிளையன்டுகள் பாஸ்வேர்டை மறப்பதற்கு ஆயுத பூஜை ஒரு தடை இல்லை என்பதால் கவினும் ரூபாவும் சந்துருவும் இருக்கும் டீமுக்கு மட்டும் காலை ஷிஃப்ட் இருந்தது. பஸ் வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையுமாகக் கல்யாண மாப்பிள்ளைபோல வந்து நின்றது. பசவராஜ் பூஜையை முடித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருந்தார். கவின் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘ஏறியாச்சு’ என்று தட்டினான்.

கண்டக்டரிடமிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினான். இல்லை.

ராமசாமி சர்க்கிள் பக்கம் தடுப்பு போட்டிருந்ததால் பஸ் வேறொரு தெருவுக்குள் நுழைந்தது. சாட் சர்வரில் பழைய இலக்கிய விவாதம் மறுபடி தொடங்கியது: ‘பஸ் எல்லி?’ ‘பஸ் எங்கே?’ அதற்கடுத்து சந்துரு: ‘கண்டக்டர் தூங்குதா குரு?’ அதற்கும் அடுத்து ரூபா, ஒரே வார்த்தை: ‘கவின்?’

வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுத்தாள்.

“அம்மா, கரண்ட் போயிருச்சா?”

“இல்லியே கண்ணு. டிவி ஓடுதே.”

“லேப்டாப்ல லைட் எரியுதா பாரு.”

“லைட்டு எங்க தெரியும்? அதுமேலதான் பூவு இருக்குதே.”

“பூவா?”

“இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்.”

சென்னப்பன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். “பூஜை அமோகமா முடிஞ்சுது சாமி. மிக்ஸி, கிரைண்டரு, அம்மாவோட தையல் மிஷினு, உன்ற மிஷினு, அல்லாத்தையும் நிறுத்தித் தொடச்சுப் பொட்டு வெச்சாச்சு. உன்றதுக்குத்தான் பெரிய மாலை.”

“நிறுத்துனீங்களா!”

“ஓடற மிஷினுக்கு ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா? வெரலு போயிரும்.”

“அதுல எங்கப்பா வெரலு போகும்? அந்தச் சின்ன பட்டனை இப்பவே ஒரு அமுக்கு அமுக்குங்க.”

“நாளைக்கு.”

“நாளைக்கா?”

“பூஜைக்கு நிறுத்துன மிஷினை மறுநாள் கற்பூரம் காட்டித்தான் எடுக்கோணும். ஒர்க்‌ஷாப்புல மொதலாளியே வந்து நின்னாலும் இன்னைக்கு நான் சுச்சு போடமாட்டேன். வருசம் பூரா ஓடுது, பாவம். ஒரு நாளு இருக்கட்டும்.”

கவினுக்குச் சட்டென்று ஒரு பிரமாதமான யோசனை வந்தது. “அப்பா, எங்க பஸ்சுக்கும்தான் பூஜை போட்டாங்க. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு உடனே கெளம்பலையா? நான் அதுலதான் உக்காந்திருக்கேன்!”

“அது வண்டி சாமி. வண்டின்னா பூஜை போட்டு ஓட்டோணும். லேத்துன்னா பூஜை போட்டு நிறுத்தோணும்.”

“இது லேத்து இல்லீங்கப்பா!”



“நீதானே சாமி சொன்ன?” என்றார் சென்னப்பன்.

கவின் போனை வைத்தான்.

‘சர்வர்ல சின்ன மெயின்டெனன்ஸ் போயிட்டிருக்கு’ என்று கவின் சாட்டில் எழுதினான். ‘ஆயுத பூஜை அன்னைக்கா? என்ன மெயின்டெனன்ஸ்?’ என்று சந்துரு மோப்பம் பிடித்தான். அதே நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கீல் உடைந்த லேப்டாப் சுவரில் சாய்ந்திருக்க, நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கேமரா ஓட்டையின் மேல் குறிபார்த்து வைத்த குங்குமம்; இனி எந்த ஹேக்கரும் எட்டிப் பார்க்க முடியாது. யுபிஎஸ்ஸுக்கு ஒரு பொட்டு, டாங்கிளுக்கு ஒரு பொட்டு. கீபோர்டில், சரியாக என்டர் பட்டன் மேல், ஒரு எலுமிச்சம்பழம். முன்னால் ஒரு தட்டில் பொரி கடலை.

பொய் சொல்லத் தெம்பில்லாமல் கவின் அந்தப் போட்டோவையே சாட்டில் போட்டுவிட்டான்.

முதலில் வரிசையாகக் கும்பிடு விழுந்தது. அப்புறம் சண்டை தொடங்கியது. ‘நிறுத்த வேண்டிய நாள்ல நிறுத்தினா அது எப்பிடித் தப்பாகும்? எங்க அப்பா பேக்டரிலயும் இன்னைக்கு மிஷின் ஓடலை’ என்றது ஒரு கட்சி. ‘பேரு கண்டக்டர், வேலை பஸ்ல, அப்ப அது வண்டிதான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு ஓடியிருக்கணும்’ என்றது எதிர்க்கட்சி. ‘மும்பைல இருந்திருந்தா யாரும் பொட்டே வெச்சிருக்க மாட்டாங்க’ என்று சந்துரு எழுதினான். ‘பொட்டு வெக்காத மிஷினை எப்பிடிய்யா நம்பறது?’ என்று ஒருவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

சந்துரு தன் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, போனில் தலையைக் கவிழ்த்து, மும்பையின் அருமைபெருமைகளைப் பத்தி பிரித்து எழுதிக்கொண்டிருந்தான். சுற்றுவழியில் வந்த பஸ் ரோட்டின் அந்தப் பக்கமாக அவனைத் தாண்டிப் போனது. பசவராஜ் கை நீட்டி டாட்டா காட்டினார். கவின் ஜன்னல் வழியாகப் பார்த்தான். கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

‘சண்டை போதும். ஓட்டெடுப்பு வைக்கலாம்’ என்றாள் ரூபா. நல்ல யோசனைதான். ஆனால் அந்த சர்வரில் ஓட்டெடுப்பு நடத்துகிற பொறுப்பையும் கவின் ஆசை ஆசையாகக் கண்டக்டரிடம்தான் கொடுத்திருந்தான். கண்டக்டரோ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தது.

விஜயதசமி அன்று சென்னப்பன் குளித்துவிட்டு வந்து கற்பூரம் காட்டினார். மாலையை எடுத்தார். எலுமிச்சம்பழத்தைக் காவேரியிடம் கொடுத்தார். சந்தனம் ஒட்டிய விரலால் பட்டனை அமுக்கினார். லேப்டாப் விழித்தது, ஸ்கிரிப்ட் எழுந்தது, கண்டக்டரும் எழுந்தது. திரையில் வெர்ஷன் நம்பரைப் பார்த்ததும் கவின் அலறினான்.

“அய்யோ! அப்டேட் ஆயிருச்சு!”

“நல்லதா, கெட்டதா?” என்றார் சென்னப்பன்.

“தெரியலீங்கப்பா!”

ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுசு ஓடும் என்று அவன்தானே பத்திரமாக இறக்கி வைத்திருந்தான்? ரூபா சோதனைக்காக ‘ஏறியாச்சு’ என்று தட்டினாள். கவின் கண்ணை மூடிக்கொண்டான். கண்டக்டர் சரியான நேரத்தை, சரியான ஸ்டாப்பை, கொஞ்சமும் பிசகாமல் சொன்னது. கவினின் வாழ்க்கையில் ஒரு அப்டேட் ஓடவிட்ட உடனேயே வேலை செய்தது இதுதான் முதல் தடவை. “டைம்ஜோனைப் பூரா திருத்தி எழுதினேன்லம்மா, அதான்” என்று விளக்கப் பார்த்தான். “பெரிய மாலையா போட்டமில்ல, அதான்” என்றாள் காவேரி.

‘அப்ப இனிமே அப்டேட்டு வருசத்துக்கு ஒரு தடவைதானா குரு?’ என்று எழுதினான் சந்துரு.

ஓட்டெடுப்பு நடந்தது. லேத் என்று ஓட்டு விழுந்தால், அது முறைப்படி ஓய்வெடுத்ததாக அர்த்தம், கண்டக்டர் கவின் வீட்டிலேயே இருக்கும். வண்டி என்று விழுந்தால், ஓடவேண்டிய நேரத்தில் நின்றதாக அர்த்தம், சாவி சந்துருவுக்கு. இரண்டு பக்கமும் ஏறி இறங்கி, கடைசியில் சரிசமமாக வந்து நின்றது. ‘ஓட்டை எண்ணுறதே உன் வீட்டு மிஷின்தானே, ஒண்ணைச் சேத்துக்க வேண்டியதுதானே’ என்று சந்துரு குத்தினான். அதென்னவோ உண்மை, ஒரே ஒரு வரி தட்டினால் போதும். கவினின் விரல் கீபோர்டு வரை போனது. என்டர் பட்டனில் எலுமிச்சம்பழம் இருந்த இடம் இன்னும் பிசுபிசுத்தது. பக்கத்தில் சென்னப்பன் பொரியை மென்றுகொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன சாமி, நம்ம மிஷினு நம்மகிட்டயே இருக்குமா?”

“பாக்கலாங்கப்பா,” என்று கவின் கையை எடுத்துக்கொண்டான்.

ரூபாதான் தீர்ப்பு சொன்னாள். ‘நம்ம பஸ்ல வராத ஆளு ஒருத்தரைக் கேளு. எந்தப் பக்கமும் சேராத ஆளா இருக்கணும். அவங்க சொல்றதுதான் கடைசி ஓட்டு.’

அன்றிலிருந்து கவின் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் மடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். டீக்கடைக்காரர் வண்டி வைத்திருப்பவர், அதனால் செல்லாது. செக்யூரிட்டி சந்துருவுக்குத் தோஸ்து, அதனால் அவரும் செல்லாது. இப்போது உங்களிடம் வந்து நிற்கிறான், கையில் அந்தப் பொட்டு வைத்த போட்டோவோடு.

“நீங்க எங்க பஸ்ல வர்றதில்லைதானே? இந்தாங்க, நல்லாப் பாருங்க. அவசரமே இல்லை. சரி, இப்பச் சொல்லுங்க: இது வண்டியா, லேத்தா? நீங்க என்ன நெனைக்கறீங்க?”