பூதம் மூச்சடக்கும் காட்சி

மழை சற்றே ஓய்ந்த மதியத்தில், சித்திரபுரத்து எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், பாண்டீஸ்வரன் சிறுவயதில் உயிராய்ப் பார்த்த கார்ட்டூன் படத்தை யூடியூபில் கண்டுபிடித்தான். மனைவி செல்வலட்சுமி மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படத்தில் மலைப்பூதம் எழும் முன் ஓடை இரைச்சலோடு எல்லாச் சத்தமும் போய்விடும். அந்தக் காலத்தில் லயமே திரண்டுபோய்க் கேபிள்காரரைத் திட்டிவிட்டு வரும். இப்போதும் சத்தம் போனது. அவன் போனைத் தட்டினான்.

"போனை ஏன் அடிக்கீங்க? பூதம் மூச்சடக்குது, அதான் ஓடை நின்னுபோச்சு. படமே அப்படித்தான்."

கேபிள்காரர் இவ்வளவு தாமதமாக நிரபராதியானதில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, நம்ம பின்னால ஓடையும் கேக்கலியே. காலையில காதைப் பொளந்துச்சே."

"மேல மண்ணு சரிஞ்சு ஓடைய அடைச்சிருச்சு புள்ள, எப்ப வேணா உடைச்சுக்கிட்டு வரும். பாப்பாவத் தூக்கு!"

பக்கத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள். மேலே மரங்கள் முறியத் தொடங்கின.