நான்காம் அறையின் சாவி

தபாலில் சாவி வருவது எங்களுக்குப் புதிதல்ல. அவசரத்தில் அறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறவர்கள், நினைவு வந்த ஊரில் ஏதாவது ஒரு தபால்பெட்டியில் அதைப் போட்டுவிடுவார்கள். சாவியில் தொங்கும் தகட்டில் எங்கள் மோட்டலின் விலாசம் இருக்கிறது. எப்படியோ டெக்ஸாஸின் இந்த மூலைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் அன்று காலை வந்தது நான்காம் அறையின் சாவி. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான்காம் அறை எங்கள் மகள் லோரீனுடையது. மூன்று வருடங்களுக்கு முன்னால், டயர் விற்க வந்தவனோடு ஒக்லஹோமாவுக்குப் போவதாக அவள் சொன்ன நாளிலிருந்து என் கணவர் வெண்டல் அவளோடு பேசவில்லை. போகும்போது சாவியை எடுத்துக்கொண்டே போனாள். திரும்பி வருகிற எண்ணமில்லாதவளுக்குச் சாவி எதற்கு? அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வெண்டல் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, கோடைக் கூட்டத்தில்கூட அந்த அறையை யாருக்கும் விட்டதில்லை. சனிக்கிழமைதோறும் விரிப்பை அவரே மாற்றுவார்.

சாவி வந்த உறையில் கடிதம் இல்லை. தபால் முத்திரை கிளேவுட், தேதி நேற்று. கிளேவுட் எங்களுக்கு மேற்கே பதினோரு மைல். ஒக்லஹோமாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும்.

வெண்டல் முற்றத்து நாற்காலிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து யாராவது இங்க வண்டிய நிறுத்திப் பாத்தாங்களா, வெண்டல்?"

"நிறையப் பேரு. மூணு மணிக்கே நிறைஞ்சிருச்சே, மேபெல். ரோட்டுல நின்னு தொப்பிய ஆட்டி ஆட்டிக் கையே விட்டுப்போச்சு."

இந்தச் சாலையில் மோட்டல் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். அறைகள் நிறைந்துவிட்டால், உள்ளே வந்து ஏமாறவேண்டாம் என்று தொப்பியை ஆட்டித் தூரத்திலேயே அனுப்பிவிடுவோம்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"ஒண்ணு மட்டும் அசையாம நின்னுச்சு. கண்ணாடில வெயிலு, உள்ள யாருன்னு தெரியல. கண்ணு தெரியாத ஆளு போலன்னு இன்னும் நல்லா ஆட்டினேன்." சிரித்தார். "அப்புறம் போயிருச்சு."

சாவியைக் காட்டாமல் இருந்திருக்கலாம். மூன்று வருட ஆத்திரம் எனக்கும் இருந்தது, காட்டிவிட்டேன். முத்திரையை இரண்டு தரம் படித்தார்.

"இடம் இருந்துச்சே, மேபெல்," என்றார்.

மதியம் சாலைக்குப் போனவர், வேகம் குறைத்த ஒவ்வொரு வண்டியையும் இரண்டு கையாலும் உள்ளே அழைத்தார். நான்கு மணிக்கு அறைகள் நிறைந்துவிட்டன. அப்போதும் நிறுத்தவில்லை. முற்றத்தில் வண்டிகள் இடித்துக்கொண்டு நின்றன. நான் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து, உள்ளே இருக்கும் முகத்தைப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.