சாபச் சங்கீதத்தின் பின்பாதி

1963-ஆம் ஆண்டு லெந்து என்னும் தவக்காலத்தில் தாராவி மாசிலாமணியின் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. வாக்கியத்தின் முன்பாதி அவர் வாயிலிருந்து வந்தது. பின்பாதி, சந்தின் எதிர்ப்பக்கம் குடியிருந்த தம்பி சற்குணத்தின் வாயிலிருந்து, அண்ணனின் கட்டைக் குரலிலேயே வந்தது. ஆட்டுத்தோல் விலை ஏறியிருந்த வருடம் அது. காரணத்தை ஊரில் பலவிதமாகச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததை எங்கள் குடும்பம் சொல்வதே முறை.

தகரக்கூரைக் கோயில் எழும்பிய நாள்முதல் ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் வாசிப்பது எங்கள் தலைமகனின் உரிமை. அவர் நின்று முழுவதையும் வாசிப்பார். சபை உட்கார்ந்து கேட்கும். தோல் கிடங்கு வைத்திருந்த மாசிலாமணி ஒரு ஞாயிறுகூட அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டதில்லை, காய்ச்சலிலும் விட்டதில்லை. சற்குணம் மாட்டுங்காவில் பள்ளி ஆசிரியர். அவர் வாரந்தோறும் ரயிலேறி, தாணேயில் ஒரு யூதப் பெரியவரிடம் எபிரெயம் படிக்கப் போனார். சங்கீதங்களை மூல மொழியில் படிக்கத் தொடங்கிய பிறகு, அண்ணன் வாசிக்கும்போது அவரால் சும்மா உட்கார முடியவில்லை. சபைக் கூட்டத்தில் எழுந்துவிட்டார்.

“எபிரெயக் கவி ஒத்தக்கால்ல நிக்காதுண்ணே. முன்னடி ஒண்ணச் சொல்லும், பின்னடி அதையே வேற வார்த்தையில திருப்பிச் சொல்லும். அந்தக் காலத்துல ஒரு பக்கம் பாட, எதிர்ப்பக்கம் பதில் பாடியிருப்பாவ. நாமளும் ரெண்டு பக்கமா நின்னு வாசிக்கணும்.”

“யூதன் வீட்டுச் சாயாவக் குடிச்சிட்டு வந்து எனக்கே வேதம் ஓதுதியோல?”

“சாயா இல்லண்ணே, காப்பி.”

சபை சிரித்தது. வேறெதையும் மாசிலாமணி மன்னித்திருப்பார். தெற்கத்திக் கிறிஸ்தவர்களில் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. தமக்கு அநியாயம் செய்தவனை மனதில் நிறுத்திக்கொண்டு, எதிரியைச் சபிக்கும் சங்கீதத்தை வாசிப்பார்கள். போதகர்கள் கண்டிப்பார்கள், வாசிக்கிறவர்கள் வாசிப்பார்கள். அடுத்த ஞாயிறு, குறித்திருந்த சங்கீதத்தை விட்டுவிட்டு மாசிலாமணி அந்தச் சாபச் சங்கீதத்தை வாசித்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே, கடைசி அடிவரை. யாரும் ஆமென் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு கேட்டபோது பாதிக் கேள்விதான் வெளியே வந்தது.

மறுநாள் கிடங்கில் அவர், “நனைஞ்ச தோல...” என்று தொடங்கினார். மாட்டுங்காவில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சற்குணம், “...எவம்ல உள்ள அடுக்குனது?” என்று பிள்ளைகளைப் பார்த்து உறுமினார். தலைமையாசிரியர் அவரை விடுப்பில் அனுப்பினார். ஈரத்துண்டை வாயில் இறுக்கிக் கட்டினால் பின்பாதி உள்ளேயே அமுங்கிவிடும் என்பதைச் சற்குணம் கண்டுபிடித்தார். பிறகு பள்ளிக்குத் துண்டோடு போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கீதம் வாசிக்கப்படவில்லை. தன் வாசலைத் தம்பி மிதிக்கக்கூடாது என்று மாசிலாமணி சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தின் பின்பாதியைச் சொன்னதும் சற்குணம்தான்.

ஈஸ்டர் கழிந்து மாசிலாமணியின் மகள் கிருபைக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் செம்பூர்க்காரர்கள். பெண்ணின் தகப்பன் தன் வாயால், போதகர் முன்னிலையில், சம்மதம் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. எங்கள் வம்சத்தில் கல்யாணப் பேச்சு பந்தலில் நின்றுபோனதில்லை. மாசிலாமணி எழுந்தார். “என் மக கிருபைய உங்க மகனுக்கு...” என்றார். அதற்குமேல் வரவில்லை. மறுபடி சொன்னார். மறுபடியும் அவ்வளவுதான்.

“தாரீகளா, தரலியா? வெட்டுன்னு ஒரு சொல்லு சொல்லுங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். அவருடைய மனைவி தாம்பாளத்தை மடியை நோக்கி இழுத்துக்கொண்டாள். கிருபை சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே எதிர்வாசலைப் பார்த்தாள். அங்கே சற்குணம் வாயில் துண்டோடு நின்றிருந்தார். துண்டை அவிழ்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சபிக்கப்பட்டவர் அவர்தான்.

மாசிலாமணி யாரிடமும் கெஞ்சியதில்லை, அன்றும் கெஞ்சவில்லை. ஒரு நாற்காலியைத் தாமே தூக்கிவந்து, தம் நாற்காலிக்கு எதிரே, முகம் பார்க்கும்படி போட்டார். அதன்மேல் இருந்த தூசியைத் தம் அங்கவஸ்திரத்தால் துடைத்தார். சற்குணம் சந்தின் குறுக்கே வந்தார். வாசற்படியில் சற்று நின்றார். பிறகு மிதித்து ஏறி, எதிரே உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தார்.

“என் மக கிருபைய உங்க மகனுக்கு...”

“...மனசாரத் தாரேன்,” என்றார் சற்குணம், அண்ணன் குரலில். பிறகு அண்ணன் மனைவியைப் பார்த்து, தம் சொந்தக் குரலில், “காப்பி இருக்கா மைனி?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் கோயிலின் வலப்பக்கமும் தம்பி இடப்பக்கமும் நின்று சங்கீதத்தைப் பாதி பாதியாக வாசித்தார்கள். வலப்பக்கத்தார் அண்ணனோடும், இடப்பக்கத்தார் தம்பியோடும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு பிறகும் ஒன்றாகவில்லை. மாசிலாமணியிடம் தோல் வாங்க வருபவர்கள் பள்ளி விட்டுச் சற்குணம் வரும் நேரம் பார்த்து வந்தார்கள். விலை அந்தப் பாதியில் இருந்தது.

1968-இல் மாசிலாமணி காலமானார். அடக்கம் முடிந்த ஞாயிறும் சற்குணம் இடப்பக்கம் நின்று, பின்பாதிகளை அண்ணனின் குரலில் வாசித்தார். ஒவ்வொரு பின்பாதிக்கும் முன்னால் வலப்பக்கத்தார் வாய் திறக்காமல் எழுந்து நின்றார்கள். புதிதாக வந்த போதகர், வாசிப்பு ஏன் நின்று நின்று போகிறது என்று மணியடிக்கும் வெயிலுமுத்துவைக் கேட்டார்.

“நிக்கலியே அய்யா,” என்றார் வெயிலுமுத்து. “அது பெரியவரு வாசிக்கிற நேரம்.”

போதகர் தலையசைத்துவிட்டு, அடுத்த வாரம் முதல் பிரசங்கத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்.