பக்கம் நாற்பத்தொன்று

என் கைடு ரகுராமன் சார் பதினோரு வருஷத்துக்கு முன் நிரூபித்த தேற்றம் தப்பு. என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அதன்மேல்தான் நிற்கிறது. நாளை மறுநாள் தஞ்சாவூரில் எனக்கு வாய்மொழித் தேர்வு.

உழுதுவிட்டு நடுவதும் நட்டுவிட்டு உழுவதும் ஒன்றா? நான் படிக்கும் குலக் கோட்பாட்டில், அதாவது குரூப் தியரிக் கணிதத்தில், இதுதான் முதல் பாடம்: வரிசையை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அந்த நிரூபணத்தின் பக்கம் நாற்பத்தொன்றில் சார் மாற்றியிருக்கிறார். அவர் வரி என்பதால் நாலு வருஷமாக நானும் விழுங்கியிருக்கிறேன்.

விதைநெல் பெட்டியிலிருந்து ஒரு சதுர அட்டை வெட்டி, மூலையில் பேனாவால் புள்ளி வைத்தேன். கால்வட்டம் சுழற்றிவிட்டுக் கவிழ்த்தால் புள்ளி ஒரு மூலையில். கவிழ்த்துவிட்டுச் சுழற்றினால் வேறு மூலையில். நாலு சுழற்றல், நாலு கவிழ்த்தல்: அந்தச் சதுரத்தின் எட்டு அசைவுகளில் தேற்றம் உடைந்தது.

சாரிடம் காட்டினேன். அட்டையை வாங்கி அவரே சுழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"யாரும்மா கேக்கப்போறா? வெளித்தேர்வாளர் என் சிநேகிதர். முடியட்டும், அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"யார் பேர்ல சார்?"

"இந்த வாய்தாம்மா உனக்கு எதிரி."

எங்கள் ஊர் வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே என் முகம். தம்பி சூர்யபிரகாஷ் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான்: 'எங்கள் தெருவின் முதல் முனைவர் வீ. ஜெயபாரதி.'

"இன்னும் முடியலடா."

"பர்மிஷன் மூணு நாளைக்குத்தான்க்கா. உனக்காகக் காத்திருக்க முடியுமா?"

அன்றும் மறுநாளும் தூக்கமில்லை. சோறும் இறங்கவில்லை.

தேர்வு அன்று, வந்தவர்களுக்குக் கொடுக்க அப்பா வீரையன் நூறு ஸ்வீட் பாக்கெட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளித்தேர்வாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூன்றாவது அத்தியாயத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?"

சார் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கேயும் பயன்படுத்தக் கூடாது சார்," என்று அட்டையை எடுத்தேன்.

திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். சார் என்னைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை.

வெளியே அப்பா கேட்டார். "தப்பு உன்னுதா, அவருதா?"

"போட்டது அவரு. பாக்காம விட்டது நான்."

"எத்தன நாளாவும்?"

"ஒரு வருஷம். வேற கைடு கிடைச்சா."

அவர் பாக்கெட் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார். "தின்னு. நீ ரெண்டு நாளா திங்கல."

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி போன் செய்தான். "ஃப்ளெக்ஸ கழட்டிடவா?"

"கழட்டி மடிச்சு வை."

டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தேன். எட்டு அசைவுள்ள குலத்தில் தேற்றம் உடைகிறது. இருபத்தேழு உள்ளதில் நிற்குமா?