பொம்மைக்கு ஒரு கும்பிடு

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை பிரேமிளாவுக்குத் தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. முதலுதவிச் சான்றிதழோடு வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் கூடையோடு மலைக்குப் போக வேண்டியதுதான். மலைக்கு அவள் பயந்தவளில்லை. அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகத்தான் மனம் வரவில்லை. அதனால்தான் விடியற்காலை பஸ்ஸிலேயே கண்டிக்கு வந்து, பயிற்சி மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையைப் பிடித்துவிட்டாள்.

பயிற்சி கொடுத்த மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். தரையில் கிடந்த ஆளுயரப் பொம்மையைக் காட்டி, "இதைப் பொம்மை எண்டு நினையாதேங்கோ. மூச்சு நிண்டுபோன ஆள் எண்டு நினைச்சுச் செய்யுங்கோ. நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் நான் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது" என்றார்.

பரீட்சையில் பிரேமிளா வெளுத்துக் கட்டினாள். ஆனால் சற்று நகர்ந்தபோது அவள் கால் பொம்மையின் கையில் பட்டுவிட்டது. சட்டென்று அழுத்துவதை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏனம்மா நிப்பாட்டினனீங்கள்?"

"கால் பட்டிருச்சு சேர்."

"அது பொம்மையம்மா!"

"ஆள்னு நெனைச்சுத்தானே செய்யச் சொன்னீங்க?"

மண்டபமே சிரித்தது. மயில்வாகனத்துக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மனுஷன் கறாரானவர். "தேத்தண்ணி குடிச்சிட்டு இன்னொருக்கா செய்யுங்கோ. திரும்பவும் கையை எடுத்தால் சான்றிதழ் தர ஏலாது."

இடைவேளையில் பொம்மையை வைத்துப் பழகிப் பார்த்தாள். கால் பட்டதும் கை தானாகக் கண்ணுக்குப் போனது. "காலைக் கழட்டி வச்சிட்டு வாங்கக்கா" என்று பக்கத்துக் கதிரை சர்மிளா கேலி செய்தாள். பிரேமிளாவுக்கோ அழுகை முட்டியது. பிறந்ததிலிருந்து பழகிய கை ஒரு நாள் வகுப்புக்கா அடங்கும்?

அப்போதுதான் பிள்ளைக்காம்பராவின் ஞாபகம் வந்தது. கசப்பு மருந்து கொடுக்கிற நாளில், பிள்ளை அழுதபிறகா அவள் சமாதானம் செய்வாள்? முதலில் கொஞ்சிவிட்டுத்தான் கரண்டியையே எடுப்பாள்.

பெயரைக் கூப்பிட்டதும் போனாள். பொம்மையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கால் கை பட்டா கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தத் தொடங்கினாள். கால் பட்டது. மறுபடியும் பட்டது. கை நெஞ்சை விட்டு அசையவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"காணும், காணும், நிப்பாட்டுங்கோ" என்றார் மயில்வாகனம். "இந்த முறை கால் படேல்லையோ?"

"பட்டுச்சு சேர். எல்லாத்துக்கும் சேத்து முன்னாடியே கும்பிட்டுட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிரேமிளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் சான்றிதழை நெஞ்சோடு பொத்திக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மயில்வாகனம் தனியாகப் பொம்மையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சப்பாத்துக் கால் அதன் தலையில் இடித்துவிட்டது. மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, பொம்மையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிரேமிளா பார்க்காதவள் போலப் படியிறங்கினாள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது.