முழுப் பெயரோடு ஓட்டு

ருடி யப்லான்ஸ்கி வீட்டு வாசல் புல்வெளியில் ஏப்ரல் மாதத்திலிருந்து இரண்டு தேர்தல் பலகைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று ருடி நட்ட லூசிண்டா அரோயோ பலகை. மற்றது அவருடைய கணவர் ஆன்செல் நட்ட ஹால் விட்கம்ப் பலகை. புல் வெட்டும்போது ருடி தன் பலகையைச் சுற்றி முடிதிருத்துவது போலப் பார்த்துப் பார்த்து வெட்டுவார். ஆன்செலின் பலகையடியில் மட்டும் களை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். உட்கட்சித் தேர்தலில் அரோயோ தோற்று, விட்கம்ப்தான் ஜனாதிபதி வேட்பாளர் என்று முடிவாகிக் கோடையே போய்விட்டது. பலகைதான் போகவில்லை.

"தோத்த போர்டை எடுத்துத் தொலையேன்யா. போற வர்றவனெல்லாம் சிரிக்கிறான்," என்பார் ஆன்செல்.

"சிரிக்கட்டும். உன் போர்டைப் பார்த்தா அழுவான்."

ருடியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் மாநிலச் சட்டமன்றத்தில், ஆணும் பெண்ணும் மட்டுமே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற திருத்தத்துக்குக் கை தூக்கியவர் இந்த விட்கம்ப். சும்மாவும் தூக்கவில்லை, அரைமணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுத் தூக்கினார். பிறகு காலம் மாறியதும் "அன்றைக்கு எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வரியில் கதையை முடித்துக்கொண்டார். ஆன்செலுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. எதிர்க்கட்சி ஆள் இப்படிப்பட்ட கல்யாணங்களையே செல்லாததாக்குவேன் என்று மேடைக்கு மேடை சொல்கிறபோது, ஜெயிக்கிற குதிரை எதுவோ அதில் ஏறவேண்டியதுதான் என்பது ஆன்செலின் வாதம். ருடிக்கு அந்த வரி தொண்டையைத் தாண்டவில்லை. முடிவு வந்த அன்று மன்றத்தில் பிராந்தி கிளாஸோடு எழுந்து நின்று, "அந்த ஆளுக்கு ஓட்டுப் போடுறதுக்கு முன்னால இந்த வலது கையை வெட்டிக்கிறேன்" என்று சத்தியம் செய்தார். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

மன்றம் என்பது மில்வாக்கி நகரின் தென்பகுதியில், ஒரு மதுக்கடையின் பின்கட்டில், பழைய பௌலிங் விளையாட்டுத் தளத்தை ஒட்டிக் கூடும் தன்பால் ஈர்ப்பாளர் வாக்காளர் மன்றம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மீன் விருந்துகூட இரண்டாகிவிட்டது. அரோயோ ஆட்கள் ஒரு மேசை, விட்கம்ப் ஆட்கள் ஒரு மேசை. ருடியும் ஆன்செலும் ஒரே காரில் வந்து இறங்கி, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, வறுத்த மீனையும் உருளைக்கிழங்கு அடையையும் தின்றுவிட்டு, அதே காரில் ஏறிப் போனார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், விட்கம்பை ஆதரிப்பதா என்று முடிவெடுக்க மன்றம் கூடியது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சொன்னால்தான் ஆதரவு. கிடைக்காவிட்டால் வீடு வீடாகக் கொடுக்கும் பரிந்துரை அட்டையில் ஜனாதிபதி இடம் காலியாகப் போகும். மன்றத்தின் வரலாற்றில் அப்படிப் போனதே கிடையாது. தலைவி வெர்னா ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். வாசலிலேயே ருடியை மடக்கினார்.

"உன் வாயிலதான் இருக்கு, ருடி. நீ மாட்டேன்னா பாதிப் பேர் மாட்டேன்னுவான். மன்றமே இன்னியோட ரெண்டாப் பிளந்துடும். அதுக்கு அப்புறம் மீனை நான் தனியா உக்காந்து திங்கணும்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன், வெர்னா."

"தெரியும். பிராந்தியும் சேர்ந்துதான் பண்ணுச்சு."

ருடி சிரிக்கவில்லை. வார்த்தையைக் காப்பாற்றினால் மன்றம் போகும், மன்றத்தைக் காப்பாற்றினால் வார்த்தை போகும்.

இந்த மன்றத்தில் ரகசிய ஓட்டுக் கிடையாது. எழுந்து நின்று, முழுப் பெயரைச் சொல்லி, பிறகு யாருக்கு என்று சொல்ல வேண்டும். பெயர்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போகும். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும் என்று எல்லாரும் பாதிப் பெயரோடு திரிந்த காலத்தில் போட்ட விதி அது. அந்தக் காலத்தில் ருடி தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். இங்கே எழுந்து பெயரைச் சொன்னார், பத்திரிகையில் வந்தது, ஆலையில் சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. தனியாகத் தின்றுவிட்டு, அடுத்த கூட்டத்திலும் வந்து சொன்னார். வடக்கே ஒரு பால் பண்ணையில் மாடு கறந்துகொண்டிருந்த ஆன்செல் என்ற இளைஞன் அந்தப் பெயரைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்து அவரைத் தேடிக் கண்டுபிடித்தான்.

விட்கம்ப் அலுவலகத்திலிருந்து பெய்ஜ் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண் வந்திருந்தாள். மடிப்புக் கலையாத உடை, நல்ல பேச்சு. செனட்டர் விட்கம்ப் எப்படி மாறினார், எதிராளி வந்தால் என்னென்ன போகும் என்றெல்லாம் சொன்னாள். பலர் தலையாட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். உங்க ஆதரவு எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆனா இந்தத் தடவை பேப்பருக்குக் குடுக்காம, பேரெல்லாம் வெளியிடாம, நமக்குள்ளேயே வச்சுக்கலாமா? வடக்கே பால் பண்ணைக்காரங்க ஓட்டு இழுபறியா இருக்கு. நீங்க புரிஞ்சுப்பீங்க."

இந்த வேண்டுகோளை நகரத்தில் வேறு எந்தச் சபையில் வைத்திருந்தாலும் தப்பித்திருப்பாள். பாவம், இங்கே வந்து வைத்தாள்.

முதலில் எழுந்தது விட்கம்ப் மேசையில் இருந்த ஆன்செல்தான். காது சிவந்திருந்தது. "நான் பால் பண்ணைக்காரன் மகன்மா. எங்க ஊர்ல யாருக்கு எது தாங்கும்னு எங்களைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்களா?" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரோயோ மேசையில் நர்ஸ் டெல்ஃபின் மேசையைத் தட்டினாள். "பார்த்தியா ருடி? நான் அப்பவே சொன்னேன்! அட்டையைக் காலியா அனுப்பு. மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்."

எல்லாத் தலையும் ருடி பக்கம் திரும்பியது. அவர் மெதுவாக எழுந்தார்.

"எதிராளி நம்ம கல்யாணத்தைக் கிழிக்கிறேங்கிறான். டெல்ஃபின், நவம்பர் தேர்தல்ல திரைக்குப் பின்னாடி நீ யாருக்குப் போடுவே?"

டெல்ஃபின் தட்டிய கையை மேசையிலிருந்து எடுத்தாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டு விட்கம்புக்குத்தான் போடுவே. நானும் அப்படித்தான். அது அவருக்கும் தெரியும். இப்ப நாம அட்டையைக் காலியா விட்டா, அவர் கேட்டது அப்படியே கிடைச்சுடும். ஓட்டு வேணும், பேரு வேண்டாம். மூஞ்சியில அடி இல்லம்மா அது, முதுகைத் தடவிக் குடுக்கிறது."

பெய்ஜ் ஏதோ சொல்ல வந்தாள். வெர்னா விரலைக் காட்டி உட்கார வைத்தார்.

"பேரைச் சொல்லித்தான் நான் தனியாச் சோறு தின்னேன். பேரைச் சொன்னதாலதான் ஒருத்தன் மாட்டுக் கொட்டகையை விட்டுட்டு என்னைத் தேடி வந்தான். அவனை மாதிரி வடக்கே இன்னிக்கும் எவனாவது பேப்பரைப் புரட்டிட்டு இருப்பான். அவன் படிக்கட்டும்." ருடி இடது கையை உயர்த்தினார். "ருடால்ஃப் காசிமிர் யப்லான்ஸ்கி. விட்கம்புக்கு. பேப்பர்ல போடுங்க."

"யோவ், கையை வெட்டிக்கிறேன்னியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வலது கைய்யா. இது இடது."

கூடமே வெடித்துச் சிரித்தது. ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு மேசைகளும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்குமுன் டெல்ஃபின் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபம் போகவில்லை. "டெல்ஃபின் மரி ப்ரூசார். விட்கம்புக்கு. என் பேரைக் கொட்டை எழுத்துல போடணும்."

அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தட்டச்சு செய்கிறவர், வாத்தியார், மதுக்கடைக்காரர், ஊன்றுகோலோடு எழ முடியாமல் எழுந்தவர். சிலர் வேண்டாம் என்றார்கள், அவர்களும் முழுப் பெயரோடுதான் சொன்னார்கள். மூன்றில் இரண்டு எப்போதோ தாண்டிவிட்டது, யாரும் நிறுத்தவில்லை. ருடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஜனத்தோடு சேர்ந்தவன் நான் என்று அவருக்கு அப்படியொரு பெருமை.

ஆன்செல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ருடியின் மேசைக்கு வந்தார். "இதைத்தானேய்யா ஏப்ரல்லேர்ந்து நான் சொல்றேன்?"

"நீ பயத்துல சொன்னே. நான் திமிர்ல சொல்றேன்."

"களையையாவது வெட்டுவியா?"

"பார்க்கலாம்."

பெய்ஜ் கைப்பையை அணைத்தபடி அவர்கள் எதிரில் வந்து நின்றாள். பேச்சில் இருந்த மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. "சார், செனட்டர்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

ருடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. எங்க பேரைச் சொல்லு. எல்லாப் பேரையும், முழுசா."